முப்பது வருடம் கொழுந்து பறித்த கால் இனியும் நடக்க வேண்டுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இப்போது சுகர், பிரஷர், இரண்டு முட்டியிலும் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். அம்மாவோ 'ஆயுசுக்கும் சேத்து நடந்தாச்சு, இனி என்ன நடை' என்கிறார். இந்த மேடு பள்ளத்தில் முட்டி வலியோடு நடந்தால் தேய்மானம் இன்னும் கூடாதா? நான் மாதம் ஒருமுறைதான் ஊருக்கு வர முடிகிறது."

தம்பி, நான் இருபது வருடமாகக் குன்னூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் அம்மா சொன்னதை வாரத்துக்கு இரண்டு பேராவது என் எதிரே உட்கார்ந்து சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. "டாக்டர் சொன்னா கேளும்மா" என்று எடுத்த எடுப்பிலேயே அவர் வாயை அடைத்துவிடாதீர்கள்.

அவர் சொல்வதில் உள்ள நியாயம் இது. கொழுந்து பறிப்பது நடைப்பயிற்சி ஆகாது. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஊன்றி, செடிகளுக்கு நடுவில் இடுப்பை நெருக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிற வேலை அது. முதுகுச் சுமை நேரம் ஆக ஆகக் கூடும். மழை நாளில் நனைந்த இலையின் கனமும் சேரும். நெஞ்சு நன்றாக வேலை செய்யும் அளவுக்கு வேகமும் கிடையாது, கால் நீட்டி இளைப்பாற நேரமும் கிடையாது. நின்றபடியே இருப்பதால் இரத்தம் காலில் தேங்கி, பலருக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளும். நாள் முழுக்கச் சுமையோடு நிற்கும் வேலை, விருப்பப்பட்டு நடக்கும் நடையைப் போல இதயத்துக்கு நன்மை செய்வதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே அம்மாவின் உடம்பு உழைத்துக் களைத்தது உண்மை. அதை அவரிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் தவறாக நினைப்பது ஒன்றே ஒன்று: இத்தனை வருடம் நடந்ததெல்லாம் உடம்பில் சேர்ந்து கிடக்கிறது என்பது. எஸ்டேட்டில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள், ஓய்வு பெறும்போது கையில் கொடுத்தார்கள். உடம்பு அப்படிப் பிடித்து வைப்பதில்லை. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடம்பு உச்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து 1996-இல் அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு! அதோடு விடவில்லை. ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் மெதுவாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் இழந்த திறன் திரும்பி வந்தது. நாலு வருடம் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவுக்கு நான் சொல்ல விரும்பும் சேதி இந்தக் கடைசிப் பகுதிதான். போனது திரும்பி வரும்.

சுகர் ஏன் இந்த நாலு வருடத்தில் எட்டிப் பார்த்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே சர்க்கரை போட்ட டீ, அதே வர்க்கி, அதே சோறு. முன்பு அதை எரித்துக்கொண்டிருந்த தொடையும் கெண்டைக்காலும் இப்போது டிவி முன்னால் மடங்கிக் கிடக்கின்றன. நாம் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குள்தான் போக வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு இன்சுலின் தட்டினாலும் அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலேயே கதவு திறக்கிறது. குளூட்-4 என்ற புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு ஏறி வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடை முடிந்த பிறகும் இன்சுலினுக்குத் தசை நன்றாகக் கீழ்ப்படியும் நிலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடை விட்டுப்போகக் கூடாது என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவரைவிட, தினமும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பவருக்கு இந்த விஷயத்தில் லாபம் அதிகம்.

ஆகவே அம்மாவுக்கு நான் எழுதித் தரும் முதல் மருந்து: காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு மூன்றும் முடிந்து கால் மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் நடை. இரவு நடை வீட்டுக்குள்ளேயே, அல்லது லைன் வீட்டு வாசல் விளக்கு வெளிச்சத்தில். அவ்வளவே. பத்தாயிரம் அடி என்ற கணக்கையெல்லாம் இப்போதைக்கு அவர் காதில் போடாதீர்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரி 72 வயதுப் பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி போட்டவர்களுக்கே, 2,700 அடி போட்டவர்களைவிட இறப்பு அபாயம் நாற்பது சதவீத அளவு குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

இனி முட்டி. "ஜவ்வு தேஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்" என்பது இந்த மலையில் நான் அதிகம் கேட்கும் பயம். முட்டியின் ஜவ்வுக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்து எடுத்துக்கொள்கிறது. நனைந்த பஞ்சை அமுக்கிவிட்டால் பழைய நீர் வெளியேறிப் புதுநீர் உள்ளே போகிற மாதிரி, காலை ஊன்றி எடுக்க எடுக்க ஜவ்வுக்குச் சாப்பாடு போகிறது. அசையாத முட்டி பட்டினி கிடக்கிறது. கூடவே தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அது மெலிந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக எலும்பில் இறங்கும். முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதலில் பரிந்துரைப்பது உடற்பயிற்சிதான். ஊசியும் ஆபரேஷனும் அதற்கு அப்புறம்.

எவ்வளவு வலி தாங்கலாம் என்பதற்கு நான் சொல்லும் கணக்கு: நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எழும்போது வலி பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் முந்தின நாள் அளவு அதிகம், அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால், அல்லது நடுவில் பூட்டிக்கொண்டால், நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மேடு பள்ளம் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளி ஆட்கள் எழுதும் அறிவுரைகளில் இது இருப்பதில்லை. ஏறுவதும் இறங்குவதும் உடம்புக்கு இரண்டு வேறு வேலைகள். ஏறும்போது தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. நெஞ்சுக்கும் மூச்சுக்கும் வேலை. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காது, ஆனால் முட்டி மீது உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழும். ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையில் அழகான ஒரு சோதனை செய்தார்கள். உட்கார்ந்தே வேலை செய்து பழகிய ஆட்களை இரண்டு மாதம் ஏற மட்டும் வைத்தார்கள், இறங்குவது கேபிள் காரில். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏற்றி, இறங்க மட்டும் வைத்தார்கள். ஏறியபோது இரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு குறைந்தது. இறங்கியபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. அதாவது காசு கொடுத்து ஜிம்முக்குப் போய்த் தேடுவதை நம் ஊர்ப் பாதை சும்மாவே கொடுக்கிறது.

நமக்குக் கேபிள் கார் இல்லை, மினி பஸ் இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்களுக்கு நான் சொல்வது: மேட்டை நடந்து ஏறுங்கள், இறங்க பஸ் பிடியுங்கள். மூச்சு வாங்குகிறவர்களுக்கு நேர் எதிராகச் சொல்வேன்: பஸ்ஸில் ஏறிப் போய் நடந்து இறங்குங்கள். உங்கள் அம்மா முதல் வகை. ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ போக ஏறுகிற பக்கத்தைக் காலுக்கும், இறங்குகிற பக்கத்தை பஸ்ஸுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். மகளிருக்கு இலவசம் என்றால் அந்த பஸ்ஸையே பிடிக்கட்டும்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முறை இருக்கிறது. நேர்க்கோடாக இறங்கக் கூடாது. தேயிலைத் தோட்டப் பாதை வளைந்து வளைந்து போவது போல, பாதையின் அகலத்துக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இறங்க வேண்டும். சின்ன அடி. முட்டியை விறைக்காமல் சற்று மடக்கியே வைக்க வேண்டும். கைத்தடி அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அதனால் பாதிப் பயன் போய்விடுகிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தோட்டத்து ஆட்களுக்கு இதையெல்லாம் ஒருமுறை காட்டினாலே போதும், அவர்கள் கால் ஏற்கெனவே மண்ணைப் படித்த கால்.

வேகத்துக்கு அளவுகோல்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்று மெலிவு. அம்மாவுக்கு அது பழகிய காற்று. திருப்பூரிலிருந்து வந்து இறங்கும் உங்களுக்குத்தான் முதல் நாள் மேட்டில் மூச்சு முட்டும்.

"காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடங்க" என்ற அறிவுரையை இங்கே தயவுசெய்து பின்பற்றாதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் நேரம் அது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர் அந்த நேரத்தில் மேடு ஏறினால் நெஞ்சுக்கு இரட்டைச் சுமை. கூடவே, அந்த மங்கலில் காட்டு மாடு தேயிலைக்குள் நின்றால் பத்தடி பக்கத்தில் போகும்வரை தெரியாது. கரடியும் அந்த நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு, ஒன்பது, பத்து மணிக்கு நடந்தால் போதும். மாலையில் என்றால் இருட்டும் முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்வெட்டரை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பி, உடம்பு சூடானதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நான் கண்ணால் பார்த்து மனம் நொந்தது. சில வருடத்துக்கு முன் ஒரு அம்மா, காலில் கட்டுடன் வந்தார். குளிருக்கு அடுப்பு ஓரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சுகரால் பாதம் மரத்துப் போயிருந்தது. சூடு சுட்டது தெரியவில்லை. பாதத்தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் மருமகள் ஓடிவந்து இழுத்திருக்கிறார். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நடை கிடையாது, சுகர் எகிறியது, எடை கூடியது. ஆகவே உங்கள் அம்மா தீக்காயும்போது பாதத்தை நீட்ட வேண்டாம், உள்ளங்கையைக் காட்டட்டும். வெந்நீர் ஊற்றும் முன் முழங்கையால் சூடு பார்க்கட்டும். நடக்கப் போகும்போது செருப்பு வேண்டாம், காட்டன் சாக்ஸும் பிடிமானமுள்ள ஷூவும் போதும்; மழைக்கால பூட்ஸை உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகு மாட்டட்டும், சின்னக் கல் கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. தினமும் இரவு பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ, பேத்தியைப் பார்க்கச் சொல்லியோ பார்க்க வேண்டும். அட்டை கடித்த இடம் கூட சுகர்காரர்களுக்குப் புண்ணாகும்.

நடை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குத் தசை வலுவுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள், தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதற்குக் கருவி தேவையில்லை. ஒரு சாதாரண நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். அம்மா கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். அவர் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். போன வருடம் வந்த ஒரு தோட்டத்து அம்மா முதல் நாள் நாலு முறைதான் எழுந்தார், அதுவும் கையை ஊன்றி. வீட்டில் தினமும் டீ கொதிக்கும் நேரத்தில் பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது இன்னொரு பத்து. இரண்டு மாதத்தில் கை ஊன்றாமல் ஒன்பது முறை எழுந்தார். எழுந்து நின்றதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், எதையும் பிடிக்கவில்லை என்று. அந்தக் குதிகால் பயிற்சி கெண்டைக்காலில் தேங்கும் இரத்தத்தையும் மேலே தள்ளும், நரம்பு சுருட்டு உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தூக்கம், மலச்சிக்கல், பிரஷர், எலும்பு எல்லாவற்றுக்கும் நடை உதவும். மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும். அவற்றை விரிக்கவில்லை. ஆனால் மனதைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும்போது உங்கள் அம்மா தனியாக இல்லை. வரிசையில் பத்துப் பேர், பேச்சு, சண்டை, சிரிப்பு, எடை போடும் இடத்தில் ஊர்க்கதை. ஓய்வு பெற்ற அன்றே அதுவும் நின்றுபோனது. "நடக்கப் பிடிக்கலை" என்று சொல்லும் பலருக்கு உண்மையில் தனியாக நடக்கப் பிடிக்கவில்லை. அம்மாவோடு ஒரே வரிசையில் பறித்த இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். தனியாகப் போனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறவர், மூன்று பேராகப் போனால் நாற்பது நிமிடம் போவார். காட்டு விலங்குக்கும் கூட்டம் பாதுகாப்பு.

தொடங்கும் முன் சில எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி உட்கார்ந்து, 108-ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் நடையில் சுகர் தாழ்ந்துபோகலாம். முந்தானையில் நாலைந்து குளுக்கோஸ் மிட்டாயோ, காகிதத்தில் மடித்த சர்க்கரையோ முடிந்துகொள்ளட்டும். கண் விழித்திரையில் சுகர் பாதிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு தேடிவரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி, நீங்கள் கேட்காவிட்டாலும். அம்மாவுக்குச் சுகர் என்றால் உங்களுக்கும் அபாயம் உண்டு, நீங்களோ நாள் முழுக்க நாற்காலியில். லண்டன் இரட்டை அடுக்கு பஸ்களில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் எழுதினார். ஒரே பஸ், ஒரே ஊர், ஆனால் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களைவிட உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். நம் பக்கத்திலேயே, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சுகரின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. நடையும் உணவு மாற்றமும் சுகர் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். வாரம் 150 நிமிடம் வேகநடை, அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுவது. இவ்வளவுதான் உங்களுக்கு.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பேச்சே எடுக்காதீர்கள். காலை டீயும் பலகாரமும் முடிந்ததும் "வாம்மா, வளைவு பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள், அவர் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அந்த நாற்காலியைப் போட்டு 30 விநாடி எண்ணி, எண்ணைக் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மறுமாதம் அதே நாற்காலி, அதே சுவர்.